அடுத்த பதிவையும் பார்த்திருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல்லாராய்ச்சிப் பக்கத்தில், ‘வெள்ளைக்காரன் கையில் புரளும் கேஷ் நம் காசுதான்; ஆக்ஸ்போர்டு அகராதியே இதை ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொண்டுவிட்டதாம்! ஸ்டேஷனில் உட்காரவைத்து எழுதி வாங்கினீர்களா?

அந்த அகராதியில் கேஷ் என்பதற்குப் பெயர்ச்சொல்லாகவே இரண்டு தனிப் பதிவுகள் உண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. முதல் பதிவுதான் வங்கியிலும் கடையிலும் நாம் சொல்லும் ரொக்கம். லத்தீன் ‘காப்ஸா’, இத்தாலிய ‘காஸ்ஸா’, பிறகு பிரெஞ்சு என்று சுற்றி, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பொருள், பெட்டி. பணம் வைக்கும் பெட்டியையும் அக்கால ஆங்கிலேயர் கேஷ் என்றே சொன்னார்கள். இதில் நம் காசுக்கு ஒரு வேலையும் இல்லை. இரண்டாவது பதிவு, கீழை நாடுகளில் புழங்கிய சிறு நாணயம். அங்கேதான் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் காசு வருகிறது. தங்கள் கட்டுரையாளர் இரண்டாவதைப் படித்துவிட்டு, அதைக் கொண்டுபோய் முதலாவதன் தலையில் கட்டிவிட்டார். இரண்டு பதிவுக்கும் நடுவே சில அங்குலம்கூட இருக்காது.

நான் வங்கியில் ஹெட் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலம் ஸ்க்ரோலும் (அன்றைய வரவு செலவுப் பதிவேடு) கையிருப்பும் டாலி ஆன பிறகு, “கேஷை உள்ளே வைங்க” என்பார் மேனேஜர். நோட்டுக் கட்டுகளை அடுக்கிய தகரப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு ஸ்ட்ராங் ரூமுக்குப் போவோம். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று அவரிடம். ‘கேஷ் எங்கே?’ என்று யாராவது கேட்டால் பெட்டியைத்தான் காட்டுவோம். பெட்டியின் பெயர் பணத்துக்கு வந்தால் இடவாகுபெயர், பணத்தின் பெயரால் பெட்டியைச் சொன்னால் தானியாகுபெயர். பள்ளியில் நன்னூல் படித்த பிள்ளைக்குத் தெரியும். சொல்லாராய்ச்சிப் பக்கம் எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டாமா?

இது முதல் தடவை என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இதே பக்கத்தில்தான் முன்பு, முந்திரிக் கொட்டையை நம் கிழவி ஒருத்தி ‘காசுக்கு எட்டு’ என்று கூவி விற்றாள், அதைக் கேட்ட வெள்ளைக்காரன் ‘கேஷ்யூ நட்டு’ ஆக்கிக்கொண்டான் என்று எழுதினீர்கள். முந்திரியே பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த மரம். அங்குள்ள துப்பி மொழியில் ‘அகஜு’. அது போர்ச்சுக்கீசியத்தில் ‘கஜு’ ஆகி, ஆங்கிலத்தில் கேஷ்யூ ஆயிற்று. இதை நான் எழுதி அனுப்பினேன். தாங்கள் என் கடிதத்தின் முதல் பத்தியையும் கடைசி ‘நன்றி’யையும் மட்டும் வைத்துக்கொண்டு, ‘முந்திரிக் கட்டுரை அருமை’ என்ற தலைப்பில் வெளியிட்டீர்கள். என் மருமகன் படித்துவிட்டு, “மாமா, நீங்களே பாராட்டிட்டீங்களே” என்றார். வாயைத் திறக்க முடியவில்லை.

பிறகு, ‘பேச்சு’க்கு முன்னால் ஒரு எஸ் போட்டால் ஸ்பீச், ‘பஞ்சு’க்கு முன்னால் போட்டால் ஸ்பாஞ்ச் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டீர்கள். அதற்கு நான் எழுதவில்லை. எழுதினால் ‘பட்டியல் அருமை’ என்று வந்துவிடுமே. ‘காசாளர்’ என்ற நம் சொல்லைத் திரித்துத்தான் கேஷியர் ஆக்கினான் என்று இன்னொரு வாரம். காசாளர் என்ற பலகை எங்கள் கிளையில் ஆணியடித்து மாட்டப்பட்டது என் கண் முன்னால். அதுவரை அங்கே ‘கேஷ்’ என்றுதான் இருந்தது. பட்டாளத்தில் ஓர் அதிகாரியை அவமானப்படுத்தி வேலையைவிட்டு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் கேஷியர் என்றே பெயர். அது டச்சுக்காரரிடமிருந்து போன வேறொரு சொல். பெட்டிக்கும் அதற்கும் உறவில்லை, காசுக்கும் இல்லை. அதையும் காசாளரோடு சேர்த்துவிடாதீர்கள் என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

என் கோபமெல்லாம், உண்மையான பெருமை கண்ணெதிரே கிடக்கும்போது பொய்ப் பெருமைக்கு ஏன் இந்தப் பறப்பு என்பதுதான். சம்பந்தர் திருவீழிமிழலையில் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடியிருக்கிறார். இறைவன் கொடுத்த காசுக்குக் கடைக்காரர் வட்டம் (கழிவு) பிடிக்கிறார், நல்ல காசாகக் கொடும் என்று சம்பந்தர் இறைவனிடம் கேட்கிறார். கிழிந்த நோட்டு வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்த வரி தனியாக ருசிக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) காசு வட்டி என்று கணக்கு இருக்கிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்கே நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு வைத்திருக்கிறோம். (அந்தக் காசும் வடமொழி ‘கர்ஷ’த்திலிருந்து வந்தது என்று ஒரு வழக்கு தனியாக ஓடுகிறது. இன்றைக்கு அதில் நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.)

இந்தக் காசைக் கேட்ட போர்ச்சுக்கீசியர் ‘காய்ஷா’ என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுதான் சொல். அதே லத்தீன் காப்ஸாவின் பிள்ளை. குழப்பத்துக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் நானே பாராட்டிக் கடிதம் போட்டிருப்பேன், தலைப்பை மாற்றும் சிரமமும் தங்களுக்கு இருந்திருக்காது. பிறகு ஆங்கிலேயர் வந்து, சென்னையில் 80 காசு ஒரு பணம் (அதுவும் ஒரு நாணயம்தான்), 42 பணம் ஒரு வராகன் (பொற்காசு) என்று 1818 வரைக்கும் கணக்கு வைத்தார்கள். இருபது காசு என்று பொறித்த செப்பு நாணயத்தை 1803இல் இங்கிலாந்திலேயே அடித்து அனுப்பினார்கள். அப்படி ஒரு சரக்கை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் குட்வின் மணல்திட்டில் மோதி உடைந்து, நம் காசெல்லாம் இங்கிலாந்துக் கடலடியில் கிடந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் அடித்த நாணயத்துக்கும் ‘காஸ்’ என்றே பெயர். சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வைக்கும் நாணயம் இருக்கிறதே, அதையும் ஆங்கிலேயர் கேஷ் என்றார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். சீனத்து நாணயத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்த தமிழ்ச் சொல் போதாதா? லண்டன் வங்கியின் கல்லாப்பெட்டியும் வேண்டுமா?

எங்கள் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று ஆச்சி வாயாலேயே கணக்குப் போடுவாள். அவளுடைய வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு ஒட்டிப் பச்சை பூத்த ஒரு காசு கிடக்கும். காசு என்றால் அவளுக்கு அதுதான். நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் நோட்டுக்கு அவள் சொன்ன பேர் ‘ரூவா’. அவளுக்குத் தெரிந்த வித்தியாசம் தங்கள் பக்கத்தில் அச்சேறவில்லை.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் நாலு வரித் திருத்தம் போடுங்கள், போதும். குறுக்கெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போடாமல், அதே சொல்லாராய்ச்சிப் பக்கத்தில் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் முழுக்க வெட்டிவிடுங்கள், பாதி வேண்டாம். சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கத்தான் போகிறேன், அதற்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
நாகர்கோவில்.