அக்கா, ஓட்டுப் போடும் முன்

அன்புள்ள அக்கா,

கடல்புல் மாநாட்டுக் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்ட அன்று இங்கே மண்டபம் ஊரில் எங்கள் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அடுத்த மாநாட்டைச் சீனாவில் வைக்கலாமா என்று பேச்சு நடப்பதாகவும், நீங்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை என்றும் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு குழுக்களில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

போன வருடம் ஆன்லைன் கூட்டத்தில் அங்கிருந்து ஒரு மாணவி பேசினார், ஞாபகம் இருக்கிறதா? கடல்பசு மேய்ந்த தடங்களை நாம் எடுத்த படங்களைக் கேட்டார். கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பினேன், திறக்கவில்லை. கடைசியில் படங்களைச் சுருக்கி ஏழு மின்னஞ்சலாகப் பிரித்து அனுப்பினேன். ஏழுக்கும் தனித்தனியாக நன்றி எழுதினார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரும் அங்கே திறக்காது, அந்த நாட்டு அரசு முடக்கி வைத்திருக்கிறது. விக்கிப்பீடியா 2019 ஏப்ரலிலிருந்து எந்த மொழியிலும் கிடையாது. தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி வைத்துச் சுற்றி வருகிறவர்கள் உண்டுதான். ஆனால் ஒரு கட்டுரை படிக்கப் பயந்து பயந்து படிப்பது என்ன படிப்பு?

நாம் போனால் இந்தச் சுவர் நம் கண்ணிலேயே படாது, அக்கா. நம் ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டால் கூகுள் வழக்கம்போலத் திறக்கும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் அந்த ஊர் மாணவிக்குத் திறக்காது. ஒரே அரங்கம், ஒரே உரை, அவருக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். எனக்கு உறுத்துவது இதுதான்.

சீனாவில் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் நம் போன் இலங்கை டவரைப் பிடிக்குமே. 2022 ஏப்ரல் 3 அன்று அந்தக் கரையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். சரி, அடுத்தவரை மட்டும் சொல்வானேன்? 2018 மே மாதம், துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடியில் இணையத்தை நிறுத்தினார்கள். அதுவும் நம் மன்னார் வளைகுடாக் கரைதான். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி, 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. ஆகவே இந்தக் கேள்வியை இந்தியாவில் மாநாடு வைக்கும்போதும் கேட்க வேண்டும்.

அதற்காக அங்கே போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விசாவும் விமானச் செலவும் கைக்கு எட்டாத அந்த மாணவர்களுக்கு மாநாடு அவர்கள் ஊருக்கு வருவதே பெரிய வாய்ப்பு. ஆனால் ஓட்டுப் போடும் முன் எழுத்தில் கேளுங்கள்: அரங்கில் வெளிநாட்டாருக்குக் கொடுக்கும் இணையம் உள்ளூர் மாணவருக்கும் அப்படியே கிடைக்குமா? உரைகளின் பதிவுகளை அவர்கள் திறக்க முடிகிற இடத்தில் வைப்பார்களா? யார் பேசலாம், எதைப் பேசலாம் என்பதைக் குழுவைத் தவிர வேறு யாராவது முடிவு செய்வார்களா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஊரைப் பாருங்கள். வெளிநாட்டு பேட்ஜுக்கு மட்டும் திறந்த வைஃபை என்றால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அந்த மாணவி தொண்டிப் பக்கம் எடுத்த படங்களையும் கேட்டிருக்கிறார். இன்று ராத்திரி உட்கார்ந்து சுருக்க வேண்டும். இந்தத் தடவை பத்து மின்னஞ்சலாவது ஆகும்.

அன்புடன்,
உங்கள் தம்பி
மண்டபம்