இறால் மேல் பழி போடாதே, மச்சான்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மச்சானுக்கு,

பேரன் ஓயாமல் தும்முகிறான் என்று நீ எழுதிய கடிதமும் அவனுடைய அலர்ஜி இரத்தப் பரிசோதனைத் தாளின் படமும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் விட்டபாடில்லை, மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, கொடியில் போட்ட துணி காய்வதே இல்லை. நம்முடைய தோட்டத்து லயம் (வரிசை வீடுகள்) இருந்த இடம் முழுக்க இப்போது செம்பனை. பழைய ரப்பர் பால் ஸ்டோர் மட்டும் கூரையில்லாமல் நிற்கிறது, யாரோ உள்ளே ஆடு கட்டுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முட்டை, பால், கோதுமை, கடலை, இறால் என்று வரிசையாகச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், நீயும் தங்கச்சியும் அதை நம்பி அந்தப் பிள்ளைக்கு வெறும் சோறும் கீரையும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அது ஐஜிஜி (IgG) என்கிற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கிற பரிசோதனை. ஒருவன் அடிக்கடி சாப்பிடுகிற பொருளுக்கு உடம்பில் ஐஜிஜி இருக்கத்தான் செய்யும், அதை வைத்து அலர்ஜி என்று சொல்லக் கூடாது என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அலர்ஜி மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கின்றன. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பிரட்டுக்களத்தில் கிராணி (குமாஸ்தா) எழுதிய செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப் பார்த்து, தேங்காய் திருடியவன் யார் என்று கண்டுபிடிக்கிற மாதிரி வேலை அது: வந்தவன் பேரெல்லாம் இருக்கும், திருடன் யார் என்பது இருக்காது.

உடனே வருகிற அலர்ஜிக்குக் காரணம் ஐஜிஇ (IgE) என்கிற வேறொரு எதிர்ப்புப் புரதம். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த இஷிசாக்கா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் 1960களின் பிற்பகுதியில் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. ஒத்துக்கொள்ளாத பொருள் உள்ளே வந்ததும், இந்த ஐஜிஇ ஒட்டியிருக்கிற செல்கள் ஹிஸ்டமின் என்கிற இரசாயனத்தைக் கொட்டிவிடும். தும்மல், அரிப்பு, தடிப்பு எல்லாம் அதனால்தான். சாப்பாட்டில் வருகிற இந்த வகை அலர்ஜி பெரும்பாலும் சில நிமிஷத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும்.

இப்போது நீயே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார். பையன் காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்முகிறான், மூக்கைத் தேய்த்துத் தேய்த்து மூக்கின் மேலே கோடு விழுந்திருக்கிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது, காய்ச்சல் கிடையாது, வருஷம் முழுக்க இதே கதை. வாயில் ஒன்றும் போடாமலே தும்முகிற பிள்ளைக்கு இறாலை எதற்கு நிறுத்தினாய்? தீபாவளிக்கு இறால் சம்பல் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய்! எனக்குச் சந்தேகம் படுக்கை மேல்தான். மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிற தூசிப்பூச்சி, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது, நம் தோலில் உதிர்கிற செதிலைத் தின்று வாழும். அதன் கழிவுதான் வினை. நம் நாட்டு ஈரக்காற்று அதற்கு நல்ல தோதாகப் போய்விட்டது. அதிலும் உன் மாமியார் கையால் அடைத்துத் தைத்த கெக்காபு (இலவம்பஞ்சு) தலையணை இன்னும் அவன் தலைக்கு அடியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தங்கச்சி கோபித்துக்கொள்ளும், பரவாயில்லை, என் பேரைச் சொல்லி எடுத்துவிடு.

ஒழுங்கான பரிசோதனை வேண்டுமென்றால் கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார நிலையம்) டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. முன்கையில் தூசிப்பூச்சி, இறால் போன்றவற்றின் சாரத்தைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் தோலை லேசாகக் குத்துவார்கள், இரத்தம் வராது. ஒப்பிட்டுப் பார்க்க ஹிஸ்டமின் ஒரு சொட்டு, உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. கால் மணி, இருபது நிமிஷத்தில், உப்புத் தண்ணீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாக வீங்கினால் அந்தப் பொருளை உடம்பு அடையாளம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். அடையாளம் வைத்திருப்பது வேறு, நோய் வருவது வேறு. தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் இறாலிலும் டிரோப்போமயோசின் என்று ஏறக்குறைய ஒரே மாதிரிப் புரதம் இருப்பதால், தூசிப்பூச்சி ஆகாத பிள்ளைக்கு இறால் சொட்டும் வீங்கலாம். உடனே இறாலை மறுபடியும் ஜெயிலில் போட்டுவிடாதே. சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதுதான் பெரிய சாட்சி.

என் சின்ன மகள் சங்கதி தெரியுமா? நர்ஸ் வேலையில் கையுறை போட்டுப் போட்டு இரண்டு கையும் வெடித்துப் புண்ணாகிவிட்டது. பால் வெட்டின குடும்பத்துப் பிள்ளைக்கு ரப்பர் ஆகவில்லை என்று ஊரே கேலி பேசியது. ரப்பர் பால் புரதம் ஆகாது என்றால் போட்ட சில நிமிஷத்தில் தடிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சிழுப்புகூட வரும். இவளுக்கோ ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் அரிக்கும். முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்த்ததில், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிற இரசாயனம்தான் காரணம் என்று தெரிந்தது. நைட்ரைல் கையுறைக்கு மாறியும் ஏன் குறையவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது, அதிலும் அதே இரசாயனம் இருக்கும். இப்போது அது சேர்க்காத கையுறை போடுகிறாள், கை ஆறிவிட்டது.

பேரனுக்கு டாக்டர் அநேகமாக மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுப்பார். பேரைக் கேட்டுப் பயப்படாதே, சொன்ன அளவில் அடித்தால் உடம்பில் சேர்வது மிகக் குறைவு. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, வலது கையால் இடது மூக்கில், நடுச்சுவர் பக்கம் காட்டாமல் காது பக்கமாக அடிக்க வேண்டும். தினமும் அடித்தால் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும், இரண்டாம் நாளே கேட்கவில்லை என்று தூக்கிப் போடாதே. அரிப்பு மாத்திரை என்றால் செட்டிரிசினோ லோராட்டடினோ போதும். அந்தப் பழைய மஞ்சள் அரிப்பு மாத்திரை, பிரிட்டான் (Piriton), கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை வகுப்பில் தூங்கி வழிவான். மூக்கடைப்பைச் சட்டென்று திறந்துவிடும் சொட்டு மருந்தைப் பெரியவர்கள்கூட ஐந்து நாளைக்கு மேல் போடக் கூடாது, அப்புறம் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். இங்கே லோரி ஓட்டுகிற ஒருவர் அந்த பாட்டிலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார், சொன்னாலும் கேட்பதில்லை. இதற்கெல்லாம் அடங்காவிட்டால் தூசிப்பூச்சிச் சாரத்தையே நாக்குக்கு அடியிலோ ஊசியாகவோ கொடுத்து உடம்பைப் பழக்குகிற வைத்தியம் உண்டு. மூன்று வருஷமாவது ஆகும், செலவும் கூட.

விரிப்பு, உறையெல்லாம் வாரம் ஒரு தடவை 60 டிகிரி சுடுதண்ணீரில் போக வேண்டும். உன் வீட்டு மெஷினில் பச்சைத் தண்ணீர்தான் என்றால், காசு போடுகிற டோபி கடையில் நல்ல சூட்டில் உலர்த்தி எடு, பூச்சி செத்துவிடும். ஆனாலும் செத்த பூச்சியின் கழிவு துணியிலேயே இருக்கும், துவைத்தால்தான் போகும்.

இன்னொன்று. எது சாப்பிட்டோ, குளவி கொட்டியோ, உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அரிப்பு மாத்திரையைத் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்கக் கூடாது. 999 கூப்பிடு, படுக்கவைத்துக் காலை உயர்த்து, மூச்சு திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதே. அதற்கு மருந்து தொடையின் வெளிப்பக்கத்தில் போடுகிற அட்ரினலின் ஊசி ஒன்றுதான். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் இருக்கட்டும், மறுபடி திரும்புவது உண்டு.

தேதி கிடைத்ததும் எனக்குச் சொல். தோல் பரிசோதனைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே அரிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள். மூக்கு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை. அவனுக்கு மூச்சிழுப்புக்குக் கொடுத்திருக்கிற இன்ஹேலரை யார் சொன்னாலும் நீயாக நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
உன் பழைய தோட்டத்து டிரசர் (மருத்துவ உதவியாளர்)