கார்புரேட்டரின் மூச்சு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கிளாஸ்கோவில் கராஜோடு வீடு கிடைத்துவிட்டது, ஏப்ரலில் வந்து நம் பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். நான் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு அது ஒரு மாதிரியாக இருந்திருக்கும். மனம் நிறைந்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நீ சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டும். "நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு எம்.ஓ.டி. என்கிற ஆண்டுத் தகுதிப் பரிசோதனை தேவையில்லையே, அந்தச் செலவு மிச்சம்" என்றாய். உண்மைதான். 2018 மே மாதத்திலிருந்து சட்டம் அப்படித்தான். நம்முடையது 1970-இல் பிறந்த வண்டி; சாலை வரியும் இல்லை, பரிசோதனைக் கட்டாயமும் இல்லை. ஆனால் சாலையில் ஓடத் தகுதியாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பை அந்தச் சட்டம் நம் தலையிலிருந்து இறக்கிவைக்கவில்லை. நான் ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்டிப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பரிசோதகர்தான் என்னை வண்டிக்கு அடியில் கூப்பிட்டு, பின் அச்சின் மேல் ஓடும் பிரேக் குழாயைக் காட்டினார். மேலிருந்து பார்த்தால் பளபளப்பு. அடிப்பக்கம் துரு பொருக்குப் பொருக்காகக் கிளம்பியிருந்தது. மாதம் ஒருமுறை அதன் அடியில் படுக்கிறவன் நான். என் கண்ணுக்குத் தப்பியது அவர் கண்ணில் பட்டது. அந்தக் குழாய் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதக்கூட மனமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் கண் பட வேண்டும், பாப்பா. இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

இரண்டாவது, இந்த வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். "பத்திரமாக மூடி வைத்திருக்கிறேன்" என்று நீ ஆறு மாதம் கழித்துச் சொன்னால் எனக்குத் தூக்கம் போய்விடும். நிற்கிற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் சிலிண்டருக்குள் துரு பிடிக்கும். அந்த ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடு. பெட்ரோல் கெட்டுப்போகும். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து விரிசல் விடச் செய்கிறது. விலை கூடினாலும் ஐந்து சதவீதத்தைத் தாண்டாத சூப்பர் வகையையே போடு. குழாய்களை நான் மாற்றிவிட்டேன். என்றாலும் கராஜுக்குள் நுழைந்ததும் முதலில் மூக்கால் பார். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதே. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் முழுதாகச் சூடேறும்வரை இருபது மைல் ஓட்டு. தெருமுனைவரை போய்த் திரும்புவது ஓட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல். சைலன்சருக்குள் தண்ணீர் தங்கிவிடும்.

உங்கள் ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். உப்பு கிடக்கும்போது வெளியே எடுக்காதே. எடுக்கத்தான் வேண்டியிருந்தால், வந்ததும் சக்கரக் குழிகளையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் அலசு. இதை ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அப்போது உனக்கு ஏழு வயது, பாதிதான் நினைவிருக்கும்.

1998-இல் வாங்கும்போது பச்சைப் பெயின்ட் கண்ணாடிபோல் இருந்தது. விற்றவர்கள் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பகுதி இரண்டும் புதிது என்றார்கள். நான் நம்பினேன். எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது. உடல்கூடேதான் எலும்பும். நம்முடையது கூரையில்லாத வண்டி. அதனால் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பாரத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு சில்களின் மேல்தான். ஐந்து ஆண்டு கழித்து ஒரு நவம்பர் மாலை, கதவுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஜாக்கி ஏற ஏற, கதவின் மேல் விளிம்பில் இருந்த இடைவெளி என் கண்ணெதிரே விரிந்தது. ஒரு நாணயம் நுழையும் இடத்தில் சுண்டுவிரல் நுழைந்தது. வண்டி நடுவில் வளைகிறது! கீழே இறக்கிவிட்டு, சிமென்ட் தரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காந்தத்தை எடுத்துச் சில்லின் மேல் ஓட்டினேன். பாதி இடத்தில் ஒட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பூச்சு உதிர்ந்தது. அதன் அடியில் புதுத் தகடு இருந்தது. அதற்கும் உள்ளே, நாற்றமடிக்கும் பழைய துரு. இற்றுப்போனதை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்திருக்கிறார்கள். உன்னையும் அம்மாவையும் அதில் வேல்ஸ்வரை கூட்டிப்போயிருந்தேன்.

யாரையும் நம்பி விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். மாலை வகுப்பில் சேர்ந்து வெல்டிங் கற்றேன். இந்த வேலையின் ஒழுங்கை உனக்குச் சொல்லிவைக்கிறேன். நீ செய்ய வேண்டி வராது, ஆனால் செய்கிறவரிடம் கேட்கத் தெரிய வேண்டும். கதவுகளைக் கழற்றவே கூடாது, அவைதாம் அளவுகோல். கதவு இருக்கும் இடத்துக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் கொடுத்து இறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வெட்ட வேண்டும். வெளித்தகடு போனதும் உள்ளே நடுத்தகடு, அதற்கும் உள்ளே உட்சில், அடியில் இரண்டையும் தாங்கும் மடிப்புத் தகடு என்று ஒவ்வொன்றாகத் தெரியும். ஒன்றைப் பற்றவைத்தவுடன் கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். இடைவெளி மாறியிருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. கடைசியாகக் கதவு ஒரு விரல் தள்ளலில் 'டக்' என்று சாத்திக்கொண்டபோது நான் அழுதேன் என்று அம்மா இன்னும் சொல்வாள். உண்மைதான்.

சில்லுக்குள்ளே துரு பிடிக்காமலிருக்க மெழுகு அடித்திருக்கிறேன். சில்லுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றன. ஒரு கம்பியால் அவ்வப்போது குத்திவிடு. கண்ணாடிக்கு முன்னால் காற்று நுழையும் சல்லடை வழியே விழும் மழைநீர் வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதில் இலை அடைத்தால், தண்ணீர் உன் காலடிக்கு வந்துசேரும்.

பாகங்களுக்குக் கவலைப்படாதே. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி. இங்கே ஆபிங்டனில் இதைச் செய்த ஆலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். இப்போது வெறும் வீடுகளும் கட்டடங்களும். ஆனால் தகடு அழுத்தும் பழைய அச்சுகளைத் தேடி மீட்டு, 1988-இல் முழு உடல்கூட்டையே புதிதாகச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எந்தப் பழைய காருக்கும் எளிதில் வாய்க்காத பேறு இது. என் பயமெல்லாம் சின்னப் பாகங்களில்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் புதிதாக வருவதில் சில மகா மோசம்; நடுவிலுள்ள ஆணி வழியாக மின்சாரம் கசிந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கிற பழைய பாகத்தைப் புதிது வந்ததென்று தூக்கி எறியாதே. துணியில் சுற்றி டிக்கியில் வை.

இந்த வண்டியில் உள்ள லூகாஸ் கம்பெனி மின்சாதனங்களைப் பற்றி இந்நாட்டில் எல்லாரும் கேலி பேசுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் நான் பார்த்த மின்கோளாறுகளில் பெரும்பாலானவை துருப்பிடித்த எர்த் இணைப்புதான். கறுப்பு வயர் உடலைத் தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினால் விளக்கு எரியும். இருக்கைக்குப் பின்னால், தரைப்பலகைக்கு அடியில், ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு இருக்கின்றன. கைக்கு எட்டாத இடம் என்பதாலேயே எல்லாரும் மறந்துபோகும் இடம். நீ மறக்காதே. முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்கு மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ், சக்கரம் தரையிலிருந்து தூக்கிய நிலையில். பக்கத்துக்கு மூன்று இடத்தில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் உண்டு.

டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் கைக்கும் நடுவே உள்ளது, 0.015 அங்குலம், எஞ்சின் ஆறியிருக்கும்போது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்ற கணக்கை நினைவில் வை: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. சற்றே டிக் டிக் என்கிற டாப்பெட்டைக் கண்டு பயப்படாதே. சத்தமே போடாததைக் கண்டு பயப்படு. வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உன் தாத்தா, கோயம்புத்தூரில், தம் டாக்சி அம்பாசடரின் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு. அதில் இருந்த 1489 சி.சி. எஞ்சினும் இதில் இருக்கும் 1798 சி.சி. எஞ்சினும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். இந்த ஊருக்கு வந்து முதன்முதலில் ஓர் எம்.ஜி.பி.யின் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது, தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் இருந்தது எனக்கு. அதனால்தான் வாங்கினேன். வேகத்துக்காக அல்ல.

இனி, சொல்லத் தயங்கியது.

உனக்கு ஒன்பது வயதில் நாம் கார்புரேட்டர் சரிசெய்வோமே, நினைவிருக்கிறதா? காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டையும் இணைக்கும் கிளிப்பைத் தளர்த்திவிட்டு, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையை என் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைப்பேன். 'ஸ்ஸ்' என்று மூச்சு கேட்கும். முன்னதில் ஒருமுறை, பின்னதில் ஒருமுறை. என் விரல் நுழையாத இடத்தில் உன் சின்னக் கை ஸ்க்ரூடிரைவரோடு காத்திருக்கும். "கொஞ்சம் கூட்டு... போதும்." இரண்டு மூச்சும் ஒன்றானதும் எஞ்சினின் நடுக்கம் அடங்கும். பிறகு பிஸ்டனைத் தூக்கும் சிறு ஊசியை ஒரு மயிரிழை உயர்த்திப் பார்ப்போம். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தள்ளாடி அணையப் போனால் குறைவு. சற்றே ஏறி இறங்கிவிட்டால் சரி. அடியிலுள்ள நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவுதான் ஒரு தடவைக்குத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்ல, நீ ஒவ்வொரு பக்கத்தையும் உரக்க எண்ணுவாய்.

சென்ற ஜூனில் குழாயைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. குழாய் அடைத்திருக்கிறது என்று நினைத்து ஊதிப் பார்த்தேன். அதன்பின்தான் காது பரிசோதனைக்குப் போனேன். அவர்கள் தந்த வரைபடத்தில் கோடு வலப்பக்கம் போகப் போகச் சரிந்து கீழே விழுந்திருந்தது. மெல்லிய, உச்சமான ஒலிகளெல்லாம் போய்விட்டன. காற்றை அளக்கும் கருவி ஒன்று வாங்கிவந்து, முள்ளைப் பார்த்துச் சரிசெய்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் செப்டம்பரில் தண்ணீர் பம்பின் பேரிங் கீச்சிட்டபோது பானட்டின் மேல் குனிந்திருந்த எனக்குக் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்து நிறுத்தச் சொன்னாள். எதை அளக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கருவி உதவும்? புதிதாக ஒரு சத்தம் வந்தால் அதைச் சொல்லக் காது வேண்டும்.

அதனால்தான் நீ கேட்டதும் "சரி" என்றேன். கராஜ் கிடைத்ததற்காக அல்ல. இன்னும் ஐந்து ஆண்டு நானே வைத்திருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் நான். உனக்குக் கேட்கும். சின்ன வயதிலேயே, பெட்ரோல் பம்பின் டிக் டிக் மெதுவாகிவிட்டது, இனிச் சாவியைத் திருப்பலாம் என்று எனக்கு முன்பே சொல்கிறவள் நீ.

ஏப்ரல் வரும்போது இரண்டு நாள் முன்னதாக வா. பழைய உடுப்பு ஒன்று கொண்டுவா. எண்ணெய் மாற்றிவிட்டேன், 20டபிள்யூ-50. பிளக்குகளும் பாயின்ட்டும் புதிது. கார்புரேட்டரை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறேன். ரப்பர் குழாய் மேசையின் மேல் இழுப்பறையில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜோடு இருக்கிறது. நீ கேட்டுச் சொல். திருகை நான் திருப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா
ஆபிங்டன்