பயிற்சிக்கு ஒரு பந்து, போட்டிக்கு வேறொரு பந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 14 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு மாலைநேரங்களில் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். அண்மையில் உள்ளரங்கு ஒன்றில் நடந்த பள்ளிப் போட்டியின் முதல் பாதியில், எதிரணி தவறிழைத்ததால் தடுப்பாரின்றி அவர்கள் எறிந்த 9 ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றுதான் கூடைக்குள் விழுந்தது. பார்த்தவர்கள் பதற்றம் என்றார்கள். நானோ பந்தைத்தான் காரணமாகக் கருதுகிறேன்.

எங்கள் ஆடுகளம் வெட்டவெளியிலுள்ள சிமெண்ட் தளம். அதில் தோல் பந்து விரைவில் பாழாகிவிடும் என்பதால் ரப்பர் பந்துதான் கட்டுப்படியாகிறது. அதுவும் நாளடைவில் தேய்ந்து, கடுகு பதித்ததுபோல் மேலெங்கும் இருக்கும் சிறுமேடுகள் மழுங்கிப்போக, வழுவழுப்பான அந்தப் பந்தை உள்ளங்கையால் தாங்கித் தள்ளவே பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். போட்டியன்று தரப்பட்டதோ செயற்கைத் தோல் போர்த்திய புத்தம்புதுப் பந்து. விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட ஒரு கணம் தாமதித்தே அது கையைவிட்டுப் பிரிந்ததால், வளைவு தாழ்ந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பியது. விரல்கள் கடைசியாகப் பந்தை வருடிவிடும்போது உண்டாகும் பின்சுழற்சிதான், வளையத்திலோ பலகையிலோ பட்ட பந்தின் வேகத்தைத் தணித்துக் கூடைக்குள் இறங்கச் செய்கிறது. பிடிமானம் மாறினால் அந்தச் சுழற்சியும் மாறிவிடுகிறது.

தேர்ந்த வீரர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ. 2006இல் தொடங்கிய பருவத்தில் தோல் பந்தை விலக்கி, நுண்ணிழையாலான செயற்கைப் பந்தைக் கொண்டுவந்தது. விரல்களில் வெட்டுக்காயம் ஏற்படுகிறது, ஈரம் பட்டால் வழுக்குகிறது என்று வீரர்கள் முறையிட்டதால், 2007 ஜனவரி 1 முதல் தோல் பந்துக்கே திரும்பியது. தோல் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் செயற்கைப் பந்து உலர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிபட்டாலும், ஈரமானதும் கையில் நிற்பதில்லை. கோடைப் புழுக்கத்தில் உள்ளங்கை உலரவே உலராத நம் டர்பன் பிள்ளைகளுக்கு இது சிறிய செய்தியன்று. இங்கே காற்றடைத்த பந்தைச் சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கிற்குக் கொண்டுபோனால், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவென்பதால் அது இறுகிக் கூடுதலாக எழும்பும்; ஆனால் ஊசி செருகிச் சற்றுக் காற்றை விட்டால் அது சரியாகிவிடும். பந்தின் மேற்பரப்பே வேறாகும்போது, கைதான் பழகியாக வேண்டும். அதற்கு நாள் வேண்டும்.

பன்னாட்டு விதிகள் தோலையும் செயற்கைத் தோலையும் ஏற்கின்றன. ஆகவே எது உயர்ந்தது என்று வாதிட நான் வரவில்லை. அன்று தவறவிட்ட பிள்ளைகளுள் ஒருத்தி, தனக்கு எறியவே வராது என்று சொல்லிப் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு எறியத் தெரியும் என்பதை நான் நாள்தோறும் கண்டிருக்கிறேன். எனவே, போட்டிப் பந்து எந்த வகை என்பதை ஒரு மாதம் முன்னதாக அறிவித்து, அதே வகைப் பந்து ஒன்றையேனும் ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு வாரம் இரவலாகத் தருமாறு போட்டி அமைப்பாளர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.