மச்சான், கைதட்டவே பயமா இருக்கு

டேய் மச்சான்,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? இங்க எல்லாம் சுகம்தான், அம்மாவுக்கு மட்டும் பிபி ஏறி ஏறி எறங்குது, மாத்திரை போட்டுக்கினே வீட்டு வேலை பூரா அவங்களேதான் பாக்குறாங்க, சொன்னா எங்க கேக்குறாங்க. தண்டையார்பேட்டைக்கு மெட்ரோ வந்து வருஷக்கணக்காச்சு, நீ இன்னும் ஒரு வாட்டி கூட ஏறல, சென்ட்ரல்ல ஏறினா நேரா வீட்டாண்ட வந்துடலாம்.

இப்பவும் ராத்திரி முழிச்சுக்கினு ஓட்டப்பந்தயம் பாக்குறியான்னு கேட்டிருந்த. பாக்குறேன்டா. ஆனா முன்னாடி எவனாச்சும் ரெக்கார்ட் அடிச்சா எழுந்து கத்துவோம்ல, இப்போ மனசுல மொதல்ல வர்றதே இவன் எப்போ ஊக்கமருந்துல மாட்டுவானோங்கறதுதான், அதுதான் எனக்கு தாங்கல.

கென்யாக்காரம்மா ரூத் செப்ன்கெட்டிச் ஞாபகம் இருக்கா? 2024 சிகாகோ மாரத்தான்ல 2 மணி 9 நிமிஷம் 56 செகண்ட், அதுக்கு முன்னாடி எந்தப் பொம்பளையும் 2 மணி 10 நிமிஷத்துக்குள்ள ஓடினதே கிடையாது, நான் வீட்ல எல்லாரையும் கூப்ட்டு கூப்ட்டு காட்டினேன். அடுத்த வருஷம் மார்ச்சுல எடுத்த சாம்பிள்ல ஹைட்ரோகுளோரோதயசைடு வந்து மூணு வருஷம் தடை. அது பிபி மருந்துடா, உடம்புல இருக்கற தண்ணிய யூரினா வெளிய தள்ளிடும், வேற ஏதாச்சும் போட்டிருந்தா அதுவும் நீர்த்துப் போய் டெஸ்ட்ல தெரியாம போயிடும், அதுக்குத்தான் தடை. நான் அம்மாவோட மாத்திரை அட்டைய திருப்பிப் பாத்தேன், பின்னாடி பொடி எழுத்துல அதே பேரு. 2003 வேர்ல்ட் கப்ல ஷேன் வார்னை வீட்டுக்கு அனுப்பினாங்களே, அதுலயும் இந்த மருந்துதான், அவரு அம்மா குடுத்த மாத்திரைன்னாரு, இந்தம்மா வீட்டு வேலைக்காரங்களோட மாத்திரைன்னு சொன்னாங்க. சிகாகோ ரெக்கார்ட் மட்டும் அப்படியே நிக்குது, ஏன்னா சாம்பிள் எடுத்தது அதுக்கு அப்புறம். அன்னிக்கு நான் பட்ட சந்தோஷத்த இப்போ என்ன பண்றது சொல்லு.

88 சியோல் ஒலிம்பிக்ஸ்ல கனடாக்காரர் பென் ஜான்சன் 100 மீட்டர 9.79 செகண்ட்ல ஓடி மூணே நாள்ல மெடல புடுங்கினப்போ நாம சின்னப் பசங்க, ஒரு திருடன் மாட்டிட்டான் இனிமே எல்லாம் சரியாயிடும்னுதான் நெனச்சோம். அப்பால அமெரிக்க ஓட்டக்காரம்மா மரியன் ஜோன்ஸ், அப்பால கேன்சர்லருந்து பொழச்சு வந்து ஏழு வாட்டி டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் ஜெயிச்ச ஆம்ஸ்ட்ராங், அவர் கதைய நீ எத்தனை பேருக்கு சொல்லியிருப்ப. 2012ல ஏழையும் புடுங்கினாங்க. நம்பி நம்பி ஏமாந்ததுதான் மிச்சம்.

ஆனா மச்சான், மருந்து போட்டவன விட எனக்கு வயிறெரியறது பக்கத்துல நின்னவன நெனச்சுதான். ஆடம் நெல்சன்னு ஒரு அமெரிக்கக்காரர், குண்டு எறியறவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல குண்டு எறியற போட்டிய மட்டும் பழைய ஒலிம்பியாவுலயே, அந்தக் காலத்து கிரேக்கர்கள் போட்டி வெச்ச அதே எடத்துல வெச்சாங்க. இவரும் உக்ரைன்காரர் பிலோனோக்கும் ரெண்டு பேருமே 21.16 மீட்டர், ரெண்டாவது பெஸ்ட் த்ரோவ பாத்து உக்ரைனுக்கு தங்கம் குடுத்துட்டாங்க. எட்டு வருஷம் கழிச்சு எடுத்து வெச்சிருந்த சாம்பிள திரும்ப டெஸ்ட் பண்ணா அந்த உக்ரைன்காரர் மருந்து போட்டது தெரியுது. 2013ல நெல்சன் கையில தங்கம் வந்துச்சு, எங்க தெரியுமா? அட்லாண்டா ஏர்போர்ட்ல, சாப்பாட்டுக் கடைங்க இருக்கற எடத்துல, ஒரு பர்கர் கடைக்கு முன்னாடி. ஒலிம்பியாவுல கொடி ஏறி தேசிய கீதம் கேட்டுக்கினு வாங்க வேண்டியது. மெடல திருப்பிக் குடுத்துட்டாங்க சரி, அந்த சாயங்காலத்த யாரு குடுப்பா?

நம்மாளுங்களுக்கும் இதே கதிதான். அஞ்சு பாபி ஜார்ஜ் 2005 மொனாக்கோ வேர்ல்ட் அத்லெடிக்ஸ் ஃபைனல்ல லாங் ஜம்ப்ல வாங்கின வெள்ளி, ரஷ்யாக்காரம்மா மாட்டினதால தங்கமா மாறினப்போ ஒம்பது வருஷம் ஓடிப்போச்சு. செகண்ட்ல நூத்துல ஒரு பங்குல பி.டி. உஷா ஒலிம்பிக் மெடல விட்டத இன்னிக்கும் பேசிக்கினு இருக்கற ஜனம் நாம, நாலாவதா வர்றவங்க வலி நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். யோகேஷ்வர் தத் விஷயம் வேற மாதிரி. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் மல்யுத்தத்துல வெண்கலம் வாங்கினாரு, வெள்ளி வாங்கின ரஷ்யா பயில்வான் குடுகோவ் அடுத்த வருஷமே ரோட் ஆக்சிடென்ட்ல செத்துட்டாரு, 2016ல அவரு சாம்பிள்ல மருந்து இருந்ததா நியூஸ் வந்தப்போ, அந்த மெடல் அவங்க குடும்பத்துக்கிட்டயே இருக்கட்டும்னு யோகேஷ்வர் சொன்னாரு. கடைசில அவங்ககிட்டயேதான் இருந்துச்சு. இந்த மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் நான் இன்னும் டிவிய ஆஃப் பண்ணாம உக்காந்திருக்கேன்.

வெளிநாட்டுக்காரங்கள மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. 2023ல நம்ம நாட்ல எடுத்த 5,606 சாம்பிள்ல 213 மாட்டுச்சு, நெறைய சாம்பிள் எடுக்கற நாடுங்கள்ல நம்ம சதவீதம்தான் உசரம். அதே வருஷம் டெல்லி மாநிலப் போட்டில டாய்லெட்ல சிரிஞ்சுங்க கெடந்த வீடியோ வெளிய வந்து, ஊக்கமருந்து டெஸ்ட் எடுக்கற நாடா (NADA) ஆளுங்க வந்து நின்னாங்க, ஆம்பளைங்க 100 மீட்டர் ஃபைனலுக்கு ஒரே ஒரு பையன்தான் ஓட வந்தான், மத்தவங்க எஸ்கேப்.

நம்ம ஏரியாவுலயும் இருக்குடா. காசிமேட்ல விடிகாலைல மீன் பொட்டி எறக்கிட்டு, கைல அந்த வாசனையோடயே துணி சுத்திக்கினு பாக்சிங் பண்ற பசங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டால ரயில்வேலயோ போலீஸ்லயோ வேலை கெடைச்சா குடும்பமே எழுந்துடும். அவங்கள்ல ஒரு பையன்கிட்ட ஜிம்ல எவனோ ஊசி போட்டுக்கோ, ரெண்டு மாசத்துல உடம்பு ஏறிடும்னு சொல்லியிருக்கான், பையன் என்கிட்ட வந்து அண்ணே போடலாமான்னு கேக்குறான். பதறிப் போயிட்டேன். கிட்னி போகும், ஹார்ட் போகும், மாட்டினா வேலையும் போகும்னு சொல்லிட்டு அவங்க கோச்சாண்ட நேரா கூட்டிக்கினு போயிட்டேன். கோச் நல்ல மனுஷன், திட்டாம உக்கார வெச்சுப் பேசினாரு. இதுவரைக்கும் பையன் போடல.

உன் பையன் ஸ்விம்மிங்ல டிஸ்ட்ரிக்ட் லெவலுக்குப் போறான்னு எழுதியிருந்தியே, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். அவனுக்கு ப்ரோட்டீன் பவுடர்னு யாராச்சும் எதாச்சும் குடுத்தா டப்பாவ வாங்கிப் பாரு, லேபிள் இல்லாம லூஸ்ல வந்தா வேணவே வேணாம். ஜுரத்துக்கு டாக்டர் எழுதறப்பவும் பையன் போட்டிக்குப் போறவன்னு சொல்லிடு, தெரியாம உள்ள போனாலும் பொறுப்பு அவன் தலைலதான் விழும். அவன் அடுத்த மீட் எப்போன்னு எழுது, மெட்ராஸ்ல வெச்சாங்கன்னா நான் லீவு போட்டுட்டு வந்து கத்தறேன்.

உன்,
தண்டையார்பேட்டை மச்சான்