முதல் வருஷம்தானே அப்பா

மினியாபொலிஸ்
28.12.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பருப்பு விலை இறங்கியதற்குத் தம்பி மேல் கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. நான் நன்றாக இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு நாள் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டிவிட்டது. வெளியே மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஈரம் உறைந்து ஊசிபோல் குத்துகிறது. அறையில் ஹீட்டர் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

பக்கத்து வீட்டு நார்வே தாத்தாதான் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார். அவரும் தனியாள். பண்டிகைக்குக் கூப்பிட்டு லூட்டஃபிஸ்க் போட்டார். காய்ந்த காட் மீனைச் சோடாக் காரம் கரைத்த நீரில் ஊறவைத்து, நாள்கணக்கில் நல்ல தண்ணீரில் அலசி வேகவைக்கிறார்கள். கூழாக வழுக்குகிறது. உறைப்பே கிடையாது, மேலே உருக்கிய வெண்ணெய். அம்மா வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு நினைவு வந்து, அடுத்த வாய் இறங்கவில்லை அப்பா. அவர் மனம் நோகக் கூடாதென்று தட்டைக் காலி செய்தேன்.

மினசோட்டா வைக்கிங்ஸ் என்றால் அவருக்கு உயிர். அமெரிக்கக் கால்பந்து அணி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். போன சீசனில் 17 ஆட்டத்தில் 8தான் ஜெயித்தார்கள். பயிற்சியாளரை மாற்றி, கெவின் ஓகானல் என்பவரைக் கொண்டுவந்தார்கள். 37 வயது. தலைமைப் பொறுப்பு அவருக்கு இதுதான் முதல் தடவை. பந்தை எறியும் கிர்க் கசின்ஸ், பிடிக்கும் ஜஸ்டின் ஜெஃபர்சன் எல்லாம் பழைய ஆட்கள்தான். அவர்களை நம்பி ஆடவிடுகிறார், அதுதான் வித்தியாசம் என்கிறார் தாத்தா.

17ஆம் தேதி அவர் வீட்டு டிவியில் பார்த்தோம். பாதி ஆட்டத்தில் எதிரணி இண்டியானாபொலிஸ் 33, நம் ஆட்கள் 0. சொந்த ஊர்க் கூட்டமே கூச்சல் போட்டது. ஐந்து டச்டவுன்தானே (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) வேண்டும் என்று இடைவேளையில் பேட்ரிக் பீட்டர்சன் என்ற மூத்த வீரர் சொன்னாராம். கடைசியில் 36க்கு 36 என்று சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 39–36 ஜெயித்துவிட்டார்கள்! இந்த லீகில் இவ்வளவு பின்தங்கிய பிறகு யாருமே ஜெயித்ததில்லை. தாத்தா அழுதேவிட்டார். இன்றுவரை 15 ஆட்டம், 12 வெற்றி.

அந்தப் பயிற்சியாளருக்கும் இது முதல் வருஷம்தான் அப்பா. தம்பியும் கடைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பருப்பு விலை இறங்கினால் அவன் என்ன செய்வான்? கணக்கப்பிள்ளை முன்னால் அவனை ஏசாதீர்கள். பற்று நோட்டையும் கல்லாச் சாவியையும் அவனிடமே விடுங்கள். பொங்கலுக்கு எத்தனை மூட்டை வெல்லம் எடுப்பது என்று அவனே முடிவு செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

மேலத்தெரு அத்தைக்குத் தர வேண்டிய வட்டி இந்த மாதம் கொஞ்சம் தள்ளிப் போகும். விடுமுறை நாளிலும் வேலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். தையில் சேர்த்து அனுப்பிவிடுவேன். சின்னக்கா வளைகாப்புக்கு எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். வளையல் செலவு என்னுடையது, மாமாவிடம் வாங்க வேண்டாம். தேதி முடிவானதும் தம்பியை எழுதச் சொல்லுங்கள்.

அன்பு மகன்