ஐப்பசி மழைக்குச் சுக்குக் காப்பி

ஆசிரியருக்கு,

குமரி மாவட்டத்தில் ஐப்பசி அடைமழையில் நனைந்து வரும் விருந்தினருக்குச் சுக்குக் காப்பிதான் முதல் மரியாதை. அதைப் பாழாக்குவது அவசரம். கருப்பட்டியைச் சுக்கோடு சேர்த்தே கொதிக்கவிட்டால் கடைசி மடக்கில் மண் நறநறக்கும். நாலு தம்ளருக்கு 100 கிராம் கருப்பட்டியைத் தனியே உருக்கி, துணியில் வடிகட்டுங்கள். விரல் நீளச் சுக்கைத் தோல் சுரண்டி நசுக்கி, ஒரு கரண்டி மல்லி, 8 நல்லமிளகோடு அந்தக் கருப்பட்டி நீரில் 10 நிமிடம் கொதிக்கட்டும். துளசியை இறக்கும்போதே போடுங்கள்; முந்தினால் மணம் ஆவியோடு போய்விடும். கொதியில் பால் ஊற்றினால் திரிந்துவிடும்.

விருந்தினரை வரவேற்கும் வாசல் கோலம் மழையில் கரையும். அதற்குப் பதில் திண்ணையில் உருளி நிறையத் தண்ணீர் விட்டு, தோவாளைப் பூச்சந்தையின் கேந்திப் பூவை (செண்டுமல்லி) மிதக்கவிடலாம்; காம்பை ஒட்டக் கிள்ளினால்தான் கவிழாது.

வாசகர், தக்கலை